சேனல் 4 பாராலிம்பிக் விளம்பரங்கள்: பரிசு வாங்கியதைவிட அடுத்து வந்ததே மேல்

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2012 லண்டன் போட்டி தொடங்கி மாற்றுத்திறனாளிகளுக்கான ஒவ்வொரு கோடைக்காலப் பாராலிம்பிக்குக்கும் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டுவருகிறது. யூடியூபில் தேடினால் கிடைக்கும். சிறுவயதில் போலியோ வந்து, இடது காலில் காலிப்பர் மாட்டி நடப்பவன் நான். விளையாட்டில் என் சாதனை கேரம் போர்டோடு சரி. ஆனால் எங்களைப் படத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று மதிப்பெண் போடுவதற்கு எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

2012 படம் ஒன்றரை நிமிடம். வியர்வை, ராப் பாட்டு, சக்கர நாற்காலி ரக்பியில் வண்டியோடு வண்டி மோதும் சத்தம். நடுவில் சட்டென்று ஒரு குண்டுவெடிப்பு, ஒரு கர்ப்ப கால ஸ்கேன், ஒரு கார் விபத்து. அடுத்த நொடியே மறுபடி ஆட்டம். உச்சுக் கொட்டுவதற்கு அவகாசமே தரவில்லை. ஒலிம்பிக் முடிந்ததும், தங்களுக்கு வார்ம்-அப் செய்து கொடுத்ததற்கு நன்றி என்று லண்டனில் விளம்பரப் பலகை வைத்தார்களே, அந்தக் குசும்புக்காகவே ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது வீரர்களுக்கு அவர்கள் சூட்டிய 'சூப்பர்ஹியூமன்ஸ்' (அதிமனிதர்கள்) என்ற பட்டத்துக்காக.

அந்தப் பட்டம் 2016 ரியோ படத்தில் முற்றிப்போய்விட்டது. மூன்று நிமிடம், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள், காலால் டிரம்ஸ் வாசிப்பவர், காலால் விமானம் ஓட்டுபவர், எல்லோரும் சேர்ந்து 'என்னால் முடியும்' என்று பாட்டு. கான் விளம்பர விழாவில் கிராண்ட் பிரீ என்ற உயரிய பரிசை வாங்கிய படம். துள்ளலாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. வேலை ஆலோசகர் 'உன்னால் முடியாது' என்று சொல்லும் இடத்தில் எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் எல்லாம் முடியும் என்று மூன்று நிமிடம் பாடிவிட்டால், முடியாமல் போவது என் சோம்பேறித்தனம் என்றாகிவிடுகிறது. எங்கள் ஊரில் ஒரு வங்கிக் கிளை. வாசலில் உயரமான மூன்று படிகள். சாய்தளம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "மாரியப்பன் அவ்வளவு உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே சார், உங்களுக்கு இந்தப் படி ஒரு பொருட்டா?" என்றார். உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தாண்டியது 1.89 மீட்டர். ஓடிவர அவருக்குத் தடம் இருந்தது, விழுந்தால் தாங்க மெத்தை இருந்தது. இங்கே பிடித்து ஏற ஒரு கம்பிகூடக் கிடையாது. மேலாளர் கெட்டவர் அல்லர், உற்சாகப்படுத்துவதாகவே நினைத்தார். அதனால்தான் இந்தப் படத்துக்கு இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை.

2021இல் டோக்கியோவுக்காக வந்த படம் முழு மதிப்பெண் வாங்குகிறது. காயங்கள், குடும்பத்தில் தவறவிடும் நாள்கள், சலிப்பூட்டும் பயிற்சி. சக்கர நாற்காலி ரக்பி வீராங்கனை கைலி கிரைம்ஸ் ஒரு காபிக் கடைக்குப் போகிறார். வாசலில் ஒரு படி, உள்ளே போக முடியவில்லை. அவ்வளவுதான் காட்சி. யாரும் அழவில்லை, யாரும் தூக்கிவிடவில்லை. அதே டோக்கியோவில் பிரிட்டன் அணியோடு தங்கம் வென்றவர் அவர். பாராலிம்பிக்குக்குப் போகிறவருக்கு ஏதோ கோளாறு இருந்தாகவேண்டும் என்று குறும்பாகச் சொல்லி முடிக்கிறது படம். அவர்கள் சொல்வது உடம்புக் கோளாறு அல்ல, விடாப்பிடியாகப் பயிற்சி செய்யும் பைத்தியத்தை. சிலர் கோபித்துக்கொண்டார்கள்; எனக்குச் சிரிப்பு வந்தது.

பாரிஸ் போட்டிக்கான 2024 படத்தில் ஈர்ப்புவிசை, உராய்வு, காலம் மூன்றும் வில்லன்களாக வருகின்றன. 'இந்தக் காலை வைத்துக்கொண்டு இவ்வளவா!' என்கிற பாராட்டை நையாண்டி செய்கிறார்கள். கருத்து சரி. ஆனால் படம் கொஞ்சம் அதிகமாகவே புத்திசாலித்தனம் காட்டுகிறது. மூன்றரை.

நான்கிலும் காணாத ஒன்று, உடற்குறையின் தன்மையைப் பொறுத்து வீரர்களைப் பிரிக்கும் போட்டி வகைப்பாடு பற்றிய ஒரு வரி விளக்கம். மாரியப்பன் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கியது டி63 பிரிவில். அவருடைய வகையோ செயற்கைக் கால் பொருத்தாதவர்களுக்கான டி42. செயற்கைக் கால் பொருத்தியவர்களும் பொருத்தாதவர்களும் டி63 போட்டியில் ஒன்றாகத் தாண்டுகிறார்கள் என்பதை விளம்பரம் பார்த்து நான் அறியவில்லை. பக்கத்து வீட்டு உடற்கல்வி ஆசிரியர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இறுதிப் போட்டியை எழுந்து போகாமல் பார்த்தேன்.