மூட்டத்தில் மூன்று வருடம்: ஏற்காட்டு நடைக்கு ஒரு பழைய ஜூம் கேமரா

கேமரா வாங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏற்காட்டில் நடக்கிறேன். வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் ஜூமைப் பற்றியே எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் பாதி மூட்டத்தைப் பற்றித்தான் வருகிறது.

பொருள் இதுதான்: லென்ஸ் கழற்ற முடியாத வகை, 60 மடங்கு ஜூம், செகண்ட் ஹேண்ட், 14,000 ரூபாய். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே குணம்தான். எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வியாபாரிகளுக்கு வாட்ஸப்பில் டிசைன் அனுப்பத்தான் கேமரா என்று வீட்டில் சொல்லி வாங்கினேன். அதற்கும் பயன்படுகிறது, பொய் இல்லை.

முதல் ஞாயிறு லேடீஸ் சீட்டில் நின்று ஜூமை முழுக்க இழுத்தேன். கீழே சேலம் விரிந்து கிடக்கிறது, சுண்ணாம்புக்கரடு வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, அப்படியே எங்கள் தெருவைப் பிடித்துவிடலாம் என்று ஆசை. திரையில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளிந்தது. மணி பதினொன்று. தரை சூடாகி மேலே எழும்புகிற காற்று அப்படித்தான் நெளியும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் அதே கதிதான். இது புரிய எனக்கு நாலைந்து ஞாயிறு ஆனது. தூரத்தை எடுக்க வேண்டுமென்றால் மழை விட்ட மறுநாள் அதிகாலை. மற்ற நாளில் அந்த ஜூம் பிள்ளைகளிடம் காட்டிப் பெருமை பேசத்தான்.

பறவைக்கு ஜூம் உதவுமே என்பீர்கள். பாதிதான். ஏற்காட்டில் நடப்பது என்றால் பெரும்பாலும் காபித் தோட்டத்து ஓரமாக நடப்பது. மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, அதற்குக் கீழே காபிச்செடி. காலை ஒன்பது மணிக்கும் உள்ளே அரை இருட்டு. இந்தக் கேமராவின் சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. இருட்டில் படத்தை வெளிச்சமாக்கக் கூட்டுகிற ஐஎஸ்ஓ அளவு 800-ஐத் தாண்டினால் செம்மீசைச் சின்னானின் கன்னச் சிவப்பெல்லாம் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். வெள்ளை வாலை நீள நீளமாக ஆட்டிக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் வரும். மூன்று வருடத்தில் அதை ஒரே ஒரு தடவைதான் தெளிவாக எடுத்திருக்கிறேன், அதுவும் ரோட்டோரக் கம்பியில் உட்கார்ந்த புண்ணியத்தில்.

ஜூம் உண்மையிலேயே கைகொடுத்தது காட்டெருமைக்கு. ஒரு காலை எஸ்டேட் வேலைக்குப் போன ஒரு அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, பேரிக்காய்த் தோப்புப் பக்கம் போகாதீங்க, நாலு நிக்குது" என்றார். எங்கே என்றேன். கையைக் காட்டிவிட்டு, "போட்டோ எடுக்கறதுன்னா இங்கிருந்தே எடுங்க, கிட்டப் போய் மாமன் மச்சான் விசாரிக்காதீங்க" என்றார். அங்கிருந்தே எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், மூக்கில் பனித்துளி, எல்லாம் வந்தது. செல்போனில் எடுத்திருந்தால் நாலு கறுப்புப் புள்ளி.

இனி மூட்டம். பட்டறையில் கொலுசைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. பாலிஷ் போட்ட வெள்ளியில் பல்பு அப்படியே கண்ணைக் குத்தும். நான் பழைய வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து விளக்குக்கு முன்னால் கட்டுவேன். வெளிச்சம் பரவி, ஒவ்வொரு சலங்கையும் தனியாகத் தெரியும். மலையில் மூட்டம் இறங்குவதும் அதே வேட்டிதான். வெயிலில் பளபளத்துக் கண் கூசுகிற காபி இலை மூட்டத்தில் அடங்கிப்போய், நரம்பு நரம்பாகத் தெரியும். சிலந்தி வலையில் கோத்த துளி, பாறைப் பாசி, ஈரப் பட்டை எல்லாவற்றுக்கும் அதுதான் வெளிச்சம். ஒரே ஒரு விஷயம்: கேமரா மூட்டத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைத்துவிட்டால் மூட்டம் மூட்டமாகவே வரும். அகலமான காட்சி மட்டும் என்றால் செல்போனே இதை விட நன்றாக எடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அதே மூட்டம்தான் என் கேமராவைத் தின்றது. முதல் வருடம் ஐப்பசியில் சேர்வராயன் கோயில் வரை நடந்தேன். குகைக்குள் இருக்கிற கோயில், வெளியே மேட்டில் காற்று ஆளைத் தள்ளும், காற்றோடு தூவானம். திரும்பி வந்து ஈரம் காயாமல் கேமராவைப் பையில் போட்டு, பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்புறம் தீபாவளி ஆர்டர், கல்யாண ஆர்டர். மார்கழியில் திறந்தால் லென்ஸுக்கு உள்ளே ஓரமாக வெள்ளை நூல் போல ஒன்று, கிளை விட்டுப் படர்ந்திருந்தது. பூஞ்சை. பழுது பார்ப்பவர் ஒருவர் பிரித்துத் துடைத்தார்; 2,800 ரூபாய். முழுக்கப் போகவில்லை. கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருந்தது. சாதாரணப் படத்தில் தெரியாது. பகோடா பாயிண்டில் சூரியன் ஏறுகிற நேரம் எதிர்வெயிலில் எடுத்தால் மேல் மூலையில் மங்கலாக ஒரு கறை வரும்.

அதற்குப் பிறகு இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல நிற சிலிகா ஜெல். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். வறுத்தால் மறுபடி நீலமாகும். நான் வறுத்த தோசைக்கல்லை வீட்டில் தனியாக ஒதுக்கிவைத்து, அது இனி என் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், அந்த நீலச் சாயம் சாப்பாட்டுப் பாத்திரத்தில் படக்கூடாத சரக்கு. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மேலே குளிரில் இருந்த கேமராவை, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்த உடனே வெளியே எடுக்கக்கூடாது. குளிர்ந்த சொம்பில் வேர்ப்பது போல லென்ஸ் வேர்க்கும். பஸ் கோரிமேடு தாண்டி, வீடு வந்து, சாப்பிட்டு முடிக்கிற வரை பை மூடியே இருக்கட்டும்.

கிட்டத்தில் எடுப்பதற்கு இது இவ்வளவு நல்ல கேமரா என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. நாகலூர் போகிற ரோட்டோரம் கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நிற்கும், தொட்டால் காய் கலகலக்கும். ஒரு புரட்டாசியில் அந்தச் செடி முழுக்க வண்ணத்துப்பூச்சி: நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன். பூவே இல்லாத காய்ந்த செடியில் இவற்றுக்கு என்ன வேலை? மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியின் சாற்றில் இருக்கிற ஒரு வேதிப்பொருளை உறிஞ்சித்தான் பெட்டையை இழுக்கிற வாசனையைத் தயாரிக்கின்றன. ஆண்டுதோறும் கிழக்கு மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே கூட்டமாக வலசை போகிற இனங்கள் இவை. உறிஞ்சுகிற மும்முரத்தில் ஆள் வருவதைக் கண்டுகொள்ளாது. ஆறடி தள்ளி நின்று பாதி ஜூமில் எடுத்தேன். சுருள் கம்பி போன்ற உறிஞ்சுகுழல் நீண்டு தண்டைத் தடவுவதும், நுனியில் ஒரு சொட்டு ஈரம் மின்னுவதும் தெரிந்தது. அரை மணி நேரம், ஒரே செடி. பேட்டரி அங்கேயே தீர்ந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டாவதைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

காபிப்பூதான் ரொம்ப அலைக்கழித்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகும்; மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிடும். முதல் இரண்டு வருடமும் நான் போன ஞாயிறு பழுப்புதான். மூன்றாம் வருடம் ஏரிக்கரை டீக்கடைக்காரரிடம் நம்பர் கொடுத்து வைத்தேன். ஒரு புதன்கிழமை அழைத்தார்: "அண்ணே, பூத்துருச்சு." பட்டறைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வியாழன் முதல் பஸ். கரும்பச்சை இலைக்கு நடுவே வெள்ளைப் பூ என்றால் கேமரா மறுபடி ஏமாறும், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக. பூவெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். வெளிச்சத்தைக் குறைத்தேன். ஏழரைக்கு மூட்டம் இறங்கியது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக வந்தது.

போன மாதம் ஜூம் பொத்தான் இறுக ஆரம்பித்தது. மாற்றிவிடலாமா என்று செகண்ட் ஹேண்ட் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பூஞ்சை இருக்கிறது, 4,000 தருகிறேன் என்றார். சும்மா இருக்காமல் காபிப்பூ படத்தைக் காட்டினேன். "இது இந்தக் கேமராவிலயா?" என்று கேட்டு 5,000 ஆக்கினார். பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.