காதுக்குள் செருகுவதா, காதை மூடுவதா?

ஆலை இரைச்சலிலிருந்து செவியைக் காக்க காதுக்குள் செருகும் நுரை இயர்பிளக் நல்லதா, காதை வெளியிலிருந்து மூடும் இயர்மஃப் நல்லதா? பெரும்பாலும் எது எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணில் எது பெரிது என்று பார்த்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 30 டெசிபல் குறைக்கும் கருவியைக்கூட ஷிப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் மிஞ்சும் பாதுகாப்பு 3 டெசிபல்தான். காது ஒரு நாளில் தாங்கக்கூடியது 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது, வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ஆகவே, எது காதைவிட்டு இறங்காமல் இருக்கும் என்பதே கேள்வி.

இயர்பிளக் மலிவு, வெக்கையிலும் உறுத்தாது, ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் போடத் தெரிய வேண்டும். மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரு காதையும் உள்ளங்கையால் பொத்துங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால், பிளக் சரியாக உட்காரவில்லை. அப்புறம், எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்த கையால் உருட்டினால் அந்த அழுக்கெல்லாம் காதுக்குள்தான் போகும்.

அதனால்தான் இரைச்சல் விட்டுவிட்டு வரும் இடத்துக்கு, ஒரு நாளில் பத்து தடவை கழற்றி மாட்டுகிறவர்களுக்கு, இயர்மஃப்தான் என் தேர்வு. மாட்ட ஒரு நொடி போதும். போட்டிருக்கிறார்களா என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அதன் பலவீனம் விளிம்பு மெத்தையில் இருக்கிறது: கண்ணாடிக் காம்பு, முடி, தொப்பித் துணி எது இடையில் வந்தாலும் இடைவெளி விழுந்து சத்தம் நுழைந்துவிடும். மெத்தை இறுகி வெடித்தால் உடனே மாற்றுங்கள். கிரைண்டரில் நாள் முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடியோடு நிற்பவருக்கு மஃப் வேண்டாம், பிளக்தான்.

100 டெசிபலைத் தாண்டும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். இரண்டு எண்களையும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். பெரிய எண்ணோடு சுமார் 5 டெசிபல்தான் சேரும். அதற்கு மேலும் இரைச்சல் இருந்தால் இயந்திரத்துக்குத்தான் மூடி போட வேண்டும்.