கதவுக்கு ஆக்சஸ் கன்ட்ரோல் (கார்டு காட்டினா திறக்கிற பூட்டு) போடப் போறீங்களா? 1,86,000 ரூபாய் போன விதத்தைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க

நாலு கதவு, 60 கார்டு. மொத்தம் 1,86,000 ரூபாய். போட்டு முடிச்சு முழுசா மூணு மாசம் ஆகல. முந்தாநாள் கரண்ட் போச்சு, நாலு கதவும் அந்த நொடியே திறந்துகிச்சு. கதவை மின்காந்தத்தால பிடிச்சு வைக்கிற மேக்னடிக் லாக் கரண்ட் இல்லன்னா விடத்தான் செய்யும், அது அதோட இயல்பு. அதுக்குத்தானே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி நாலுன்னு டீலர் கொட்டேஷன்ல போட்டு காசு வாங்கினாங்க? பவர் சப்ளை பெட்டியைத் திறந்தா பேட்டரி வைக்கிற இடம் காலி. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தித் தொங்குது.

சிசிடிவி, பயோமெட்ரிக் எல்லாம் போட்டுத் தர்ற லோக்கல் டீலர்தான். நம்ப வெச்சது அந்த டெமோ. ஒரு மரப்பலகையில குட்டிக் கதவு, 600 பவுண்டு லாக், "ரெண்டு பேர் சேர்ந்து இழுங்க சார்"னாங்க. இழுத்தோம், அசையல. அன்னைக்கே 80 சதவீதம் கைமாறிடுச்சு.

இப்போ மூணாவது மாடிக் கதவு தோளால ஒரு இடி இடிச்சா திறக்குது. லாக் முனையில மீட்டர் வெச்சா 9.9 வோல்ட். அரை ஆம்பியர் இழுக்கிற லாக்குக்கு 30 மீட்டர் தூரம் நெட்வொர்க் கேபிள்ல ஒரே ஒரு ஜோடியில சப்ளை. 24 கேஜ் கம்பி மீட்டருக்கு 0.084 ஓம், போக வர 60 மீட்டர், 5 ஓம். வோல்டேஜ் எப்படி நிக்கும்? 1 சதுர மில்லிமீட்டர் டூ கோர் வயர் இழுத்திருந்தா ஒரு ஓம் சொச்சத்தோட முடிஞ்சிருக்கும். போதாததுக்கு, கதவுல இருக்கிற இரும்புத் தகட்டுக்குப் பின்னாடி ரப்பர் வாஷரே போடாம இறுக்கிட்டாங்க. தகடு கொஞ்சம் ஆடினாத்தான் லாக் முகத்தோட முழுசா ஒட்டும். இங்க இடுக்குல விசிட்டிங் கார்டு நுழையுது.

ரீடர் அதைவிட மோசம். லாக்குக்குப் போற கரண்டைப் போட்டு நிறுத்துற ரிலே, கார்டு படிக்கிற ரீடர் மெஷினுக்குள்ளயே; ரீடர் கதவுக்கு வெளியே. லாக்குக்குப் போற 12 வோல்ட் வெளிச்சுவர் வழியா போகுது. அடியில ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி வயரை வெட்டினா கதவு திறந்தாச்சு, கார்டே வேண்டாம். கதவைத் திறக்க முடிவெடுக்கிற கன்ட்ரோலர் உள்ளே இருக்கணும், வெளியே வெறும் ரீடர் மட்டும்தான்.

கார்டு? கொட்டேஷன்ல 13.56 மெகாஹெர்ட்ஸ், டெஸ்ஃபயர், அதாவது சுலபமா காப்பி அடிக்க முடியாத வகை. கைக்கு வந்தது பழைய 125 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து சாவிக்கடையில 150 ரூபாய்க்கு அஞ்சு நிமிஷத்துல காப்பி போட்டுக் கொடுத்தாங்க. கார்டு மேல அச்சடிச்ச நம்பரை ஒருத்தன் போட்டோ எடுத்தாலே போதும், அந்த நம்பரை வேற கார்டுல எழுதிக் காட்டினா இந்த மாதிரி ரீடர் நிறைய ஏமாந்திடும்.

ஆனா வயிறு எரியறது, ஆபத்துல அமுக்கிக் கதவைத் திறக்கிற பச்சை எமர்ஜென்சி பெட்டியைப் பார்த்துத்தான். அது லாக்குக்குப் போற கரண்டையே நேரா வெட்டணும். இவங்க எக்ஸிட் சுவிட்ச் வயரோட சேர்த்து அந்த ரீடர் மெஷினுக்குக் கொடுத்திருக்காங்க. மெஷின் ஹேங் ஆனப்ப அமுக்கிப் பார்த்தோம், கதவு திறக்கல. தீ பிடிச்சிருந்தா?

போன் போட்டா முதல்ல "இன்வெர்ட்டர் வெச்சுக்கோங்க சார்". அடுத்து "கார்டெல்லாம் இப்போ அப்படித்தான் வருது". அப்புறம் "டெக்னீஷியன் ஊர்ல இல்ல". நேத்து "ஜிஎஸ்டி பில் இருக்கா?" பில் போட்டா 18 சதவீதம் கூடும்னு எஸ்டிமேட் சீட்டை நீட்டினதே அவங்கதான். இன்னைக்கு வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் மட்டும். 1,86,000 ரூபாய்க்கு ப்ளூ டிக்.

விவரமா ஒரு செக்லிஸ்ட் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், கை ஓடல. இதையாவது பாருங்க:

கார்டை என்எஃப்சி இருக்கிற போன்ல வெச்சுப் பாருங்க, போன் கண்டுக்கலன்னா பெரும்பாலும் 125தான். மெயினை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் கதவு பூட்டியே நிக்குதான்னு பார்க்காம மிச்சக் காசைக் கொடுக்காதீங்க. மெஷின்ல மெனு பட்டனை அமுக்குங்க, பாஸ்வேர்டு கேக்காம உள்ளே போனா அட்மின்னே போடல, யார் வேணா விரலைப் பதிஞ்சுக்கலாம். பச்சைப் பெட்டியை மெஷினைக் கழட்டிட்டு அமுக்கிப் பாருங்க. பில் வாங்குங்க.

மூணாவது மாடிக்கு இப்போ நாதாங்கி போட்டுத் தொங்கு பூட்டு. 340 ரூபாய்.