நெத்திக்கு மட்டும் போடாக்ஸ்னு ஆஃபர் பாத்து போறவங்க இத படிச்சிட்டு போங்க

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. முகத்து சுருக்க கோடு மறைய போடுற இந்த போடாக்ஸ் ஊசியே கெட்டதுன்னு சொல்ல வரல, அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்படி ஒரு போஸ்ட் போட்டா உடனே "வயசாகுறத சந்தோஷமா ஏத்துக்கணும் சிஸ்டர்"னு அட்வைஸ் பண்ண ஒரு கூட்டம் கிளம்பி வரும். என் முகம், என் காசு, அது என் இஷ்டம். என் கோவம் வேற. என்கிட்ட நெத்திய வித்தாங்க, முகத்த யாருமே பாக்கல.

சென்னைல ஒரு ஸ்கின் அண்ட் ஹேர் கிளினிக். பேர் சொல்லல, ஏன்னு கடைசில சொல்றேன். உள்ள போனதும் கோட்டு போட்ட ஒரு பொண்ணு, கவுன்சிலராம், ரேட் கார்ட எடுத்து நீட்டுச்சு. புருவ நடுவு ஒரு ஏரியா, கண் ஓரம் ஒரு ஏரியா, நெத்தி ஒரு ஏரியா, ஒரு ஏரியாவுக்கு ஆஃபர் போக 9,000. எனக்கு உறுத்துனது நெத்தி கோடுதான், அதுவும் இடது பக்கம் ரொம்ப ஆழமா விழும், ஸ்கூல்ல போர்டு பாத்து எழுதி எழுதி வந்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். "நெத்தி மட்டும் போதுமா மேம், சூப்பர்"னு பில்ல போட்டுட்டாங்க. கவனிங்க, டாக்டர் இன்னும் என்னை பாக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன ட்ரீட்மென்ட்னு முடிவாகி கார்டும் தேய்ச்சாச்சு.

டாக்டர் வந்தப்ப நான் சாய்வு சேர்ல மல்லாந்து படுத்திருந்தேன். "புருவத்த தூக்குங்க"ன்னாங்க, தூக்குனேன், வெள்ளை பென்சில்ல புள்ளி வெச்சாங்க, ஊசி ஏற்கனவே மருந்து ஏத்தி ட்ரேல ரெடியா இருந்துச்சு, குத்திட்டு அடுத்த ரூமுக்கு போய்ட்டாங்க. வலிக்கவே இல்ல, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா முறைக்க சொல்லல, சிரிக்க சொல்லல, கண்ண இறுக்கி மூட சொல்லல, நிமிர்ந்து உக்கார சொல்லல, ஒரு போட்டோ எடுக்கல, கண்ணுல ஏதாவது பிரச்சனை இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

இந்த மருந்து போட்ட அன்னிக்கே எதுவும் தெரியாது, சில நாள் கழிச்சுதான் வேலை செய்ய ஆரம்பிக்கும், முழு எஃபெக்ட் தெரிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். எனக்கு நெத்தி வழவழன்னு ஆச்சு, அது உண்மை. கூடவே ரெண்டு புருவமும் இறங்கிடுச்சு. கண்ணுக்கு மேல ஈரத்துணிய மடிச்சு வெச்ச மாதிரி ஒரு பாரம். இடது கண் மேல் இமை தோல் இமை முடி மேலயே வந்து உக்காந்துடுச்சு, மை வெச்சா அப்பிக்குது, சாயங்காலம் ஆனா அந்த கண் பாதிதான் திறக்குது. ஸ்கூட்டில போகும்போது சிக்னல் பாக்க மோவாய தூக்கி பாக்க வேண்டியிருக்கு. வீட்ல பொண்ணு "ஏம்மா எப்ப பாத்தாலும் கோவமா இருக்க"ன்னு கேக்குறா. கோவமாதான் இருந்தேன், ஆனா அவ கேட்டது என் மூஞ்சிய.

கிளினிக்குக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா முதல்ல "செட்டில் ஆகும் மேம்". அப்புறம் ப்ளூ டிக் மட்டும். நேர்ல போய் நின்னதும் அதே கவுன்சிலர் பொண்ணு, புருவத்த தூக்க, தோலுக்குள்ள நூல் விட்டு இழுக்குற ட்ரீட்மென்ட் இருக்கு மேம், எக்சிஸ்டிங் கஸ்டமருக்கு ஸ்பெஷல் ரேட்டுன்னு ஆரம்பிச்சுது பாருங்க, அங்கயே எனக்கு பிபி ஏறிடுச்சு. டாக்டர கூப்பிடுங்கன்னு சத்தம் போட்டப்புறம் வந்தாங்க, என்னை ஒரு நிமிஷம் உத்து பாத்துட்டு சொன்னாங்க: "உங்க இடது கண் இமை முன்னாடியே கொஞ்சம் இறக்கம்தான் மேம், இது எங்க ஊசியால வந்தது இல்ல."

இத அவங்க தப்பிக்க சொன்னாங்க. ஆனா முன்னாடியே இறக்கம்னா அத ஊசி போடுறதுக்கு முன்னாடி பாத்திருக்கணுமா இல்லையா? குத்துறப்ப தெரியாத இமை, கம்ப்ளெய்ன்ட் பண்றப்ப மட்டும் எப்படி தெரிஞ்சுது?

அப்புறம் கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க சொல்லி, கண் இமை ஆபரேஷன் பண்ற ஒரு கண் டாக்டர்கிட்ட போனேன். அந்தம்மா செஞ்சத கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா இதத்தான் முதல் இடத்துலயே செஞ்சிருக்கணும். நிமிர்ந்து உக்கார வெச்சாங்க. போன்ல இருக்குற பழைய போட்டோ எல்லாம் காட்டும்மான்னாங்க, கல்யாண போட்டோ வரைக்கும் போய் பாத்தா, எல்லாத்துலயும் இடது இமை ஒரு நூல் கீழதான் இருக்கு, இடது புருவம் வலதவிட கொஞ்சம் மேல இருக்கு. இத்தன வருஷமா கண்ணாடில பாத்தும் நான் கவனிச்சதில்ல. டார்ச் அடிச்சு, கண்மணி நடுவுல விழுற வெளிச்சத்துக்கும் இமை ஓரத்துக்கும் எவ்ளோ தூரம்னு சின்ன ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. பொதுவா 4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கணுமாம், எனக்கு இடது பக்கம் நல்லாவே கம்மி. அப்புறம் கண்ண மூட சொல்லி, புருவத்த கட்டை விரலால அழுத்தி பிடிச்சுக்கிட்டு, இப்ப திறங்கன்னாங்க. புருவத்தோட உதவி இல்லாம இமை தானா எவ்ளோ திறக்குதுன்னு பாக்குற டெஸ்ட்.

அவங்க சொன்ன விளக்கம் இது. புருவத்த மேல தூக்க முகத்துலயே ஒரே ஒரு தசைதான் இருக்கு, அது நெத்தில இருக்குற தசை. கீழ இழுக்க பல தசை இருக்கு, புருவ நடுவுல ஒண்ணு ரெண்டு, கண்ண சுத்தி ஒரு வளையம். போடாக்ஸ் என்ன பண்ணும்னா, நரம்புல இருந்து தசைக்கு போற சிக்னல தடுக்கும், அந்த தசை தளர்ந்துடும். நெத்திக்கு மட்டும் போட்டா தூக்குற ஒரே ஆள முடக்கிட்டு, இழுக்குறவங்க எல்லாரையும் அப்படியே முழு பலத்தோட விட்டாச்சு. இமை நல்லா இருக்குறவங்களுக்கு இது பெருசா தெரியாம போகலாம். என்னை மாதிரி இமை இறக்கம் இருக்குறவங்களும், கண்ணுக்கு மேல தோல் தொங்குறவங்களும் பார்வைக்காகவே நாள் முழுக்க அறியாம புருவத்த தூக்கிக்கிட்டேதான் இருப்பாங்க. என் இடது நெத்தி கோடு மட்டும் ஏன் அவ்ளோ ஆழம்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த இமைக்கு முட்டு கொடுத்து கொடுத்து வந்த கோடு அது. போர்டும் இல்ல, வயசும் இல்ல. ஒரு பக்கம் மட்டும் கோடு ஆழமா இருக்கேன்னு ஒரு டாக்டருக்கு சந்தேகம் வந்திருக்க வேணாமா? அதுதானே அங்க இருந்த ஒரே துப்பு, அதையே அழிச்சு விட்டுட்டாங்க.

இன்னொன்னும் சொன்னாங்க, இது எனக்கு செம ஷாக். அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்குற எஃப்டிஏ 2002-ல புருவ நடுவு கோட்டுக்குத்தான் முதல்ல போடாக்ஸ் காஸ்மெட்டிக்குக்கு அனுமதி கொடுத்துச்சு, நெத்தி கோட்டுக்கு 2017-லதான். அப்படி கொடுத்தப்பவே லேபிள்ல நெத்திக்கு 20 யூனிட் (இந்த மருந்த அளக்குற கணக்கு), அதோட சேத்து புருவ நடுவுக்கும் 20 யூனிட்னுதான் போட்டிருக்கு, நெத்திய தனியா போட சொல்லல, காரணம் இந்த புருவம் இறங்குற பிரச்சனைதான். அனுபவம் உள்ள டாக்டருங்க ஆளுக்கு தகுந்த மாதிரி அளவ மாத்துவாங்க, ஒருத்தருக்கு நெத்திய தொடவே வேணாம்னும் சொல்லுவாங்க. அப்படி முகத்த பாத்து முடிவு பண்ண வேண்டியத ஏரியா கணக்குல ரேட் கார்டு போட்டு வித்தா என்ன ஆகும்? இதுல கூத்து என்னன்னா, மூணு ஏரியா வாங்குனாலும் இதே கதை நடந்திருக்கலாம், ஏன்னா யாரும் இமைய பாக்கல. அதனால "நெத்தி மட்டும் எடுத்தது உங்க தப்பு, காம்போ எடுத்திருக்கணும்"னு கிளம்பாதீங்க.

இத எங்க சொந்தத்துல பேசுனப்ப ஒவ்வொருத்தரா கதைய அவுத்து விடுறாங்க. ஒரு அண்ணிக்கு நெத்தி நடுவுல மட்டும் போட்டு ஓரத்த விட்டதுல புருவ வால் ரெண்டும் வில்லி மாதிரி மேல ஏறிக்கிச்சாம். அது ஓரத்துல துளி போட்டு சரி பண்ணிட்டாங்க. இன்னொருத்தங்களுக்கு கண் ஓர கோட்டுக்கு ரொம்ப கீழ போட்டு கன்னத்துல இருக்குற சிரிக்கிற தசைக்கும் மருந்து போய், சிரிப்பு ஒரு பக்கம் கோணிடுச்சு. குத்துறது ஒரு இடம், அனுபவிக்கிறது முகம் முழுக்க.

சரி, மாத்து மருந்து? கிடையாது. முகத்துல பள்ளத்த நிரப்ப போடுற ஃபில்லர் ஊசில ஹயலூரானிக் ஆசிட் டைப் போட்டா கரைக்க ஊசி இருக்கு, போடாக்ஸுக்கு அப்படி எதுவும் இல்ல, 3, 4 மாசத்துல தானா தேயணும். அப்ராகுளோனிடின்னு ஒரு சொட்டு மருந்து இருக்காம், அது இமைய ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தற்காலிகமா தூக்கும், ஆனா என் கேஸ்ல இறங்கினது புருவம், அதனால பெருசா உதவாதுன்னாங்க. புருவ நடுவுல கொஞ்சம் போட்டா கீழ இழுக்குறது குறையும், ஆனா இப்ப அவசரப்பட வேணாம்னு சொல்லிட்டாங்க. காசு வாங்காம வேணாம்னு சொன்ன முதல் ஆள் அவங்கதான்.

ஒரு சீரியஸான விஷயம். சாயங்காலம் ஆக ஆக இமை அதிகமா இறங்குது, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு முன்னாடியே இருக்குறவங்க இந்த ஊசி பக்கமே போகாம முதல்ல நரம்பு டாக்டர பாருங்க. மயஸ்தீனியா கிராவிஸ்னு ஒரு தசை பலவீன நோய்க்கு அது அறிகுறியா இருக்கலாம், அவங்களுக்கு போடாக்ஸ் ஆபத்து. அதனாலதான் அந்த கண்ணு கேள்விய கேக்கணும்னு இவ்ளோ கத்துறேன். ஊசி போட்டப்புறம் முழுங்க முடியல, பேச்சு குழறுது, மூச்சு வாங்குதுன்னா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

இப்ப கம்ப்ளெய்ன்ட் எங்க நிக்குதுன்னு சொல்றேன். என்ன பிராண்டு, பேட்ச் நம்பர் என்ன, எத்தன யூனிட், எவ்ளோ சலைன்ல (உப்பு தண்ணில) கலந்தீங்கன்னு எழுத்துல கேட்டேன். 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி நோயாளி கேட்டா ரெக்கார்ட 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். வந்தது ஒரு பக்கம், அதுல "ஃபோர்ஹெட் டன்"னு எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. யூனிட்டே இல்ல! பிராண்டுக்கு பிராண்டு யூனிட் ஒண்ணு இல்ல, இதே வகை மருந்துல இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் யூனிட்டும் போடாக்ஸ் யூனிட்டும் மாத்தி கணக்கு போட முடியாது, அதனால பிராண்டும் அளவும் தெரியாம அடுத்த டாக்டரும் என் விஷயத்துல குத்துமதிப்பாதான் பேச முடியுது. கேட்டா "கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டீங்களே மேம், இமை இறங்கலாம்னு அதுல இருக்கே"ங்கறாங்க. இறங்கலாம்னு அச்சடிச்சு வெச்சிருக்கீங்க, யாருக்கு இறங்கும்னு பாக்கதான் ஆள் இல்ல.

பணம் திருப்பி தர மாட்டாங்களாம், லேசருக்கு கிரெடிட்டா வெச்சுக்கலாமாம். வேணாம்னுட்டு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு பேப்பர் ரெடி பண்றோம், அதுக்கு ரெண்டு வருஷம் டைம் இருக்கு. என் வீட்டுக்காரர் "9,000-க்கு இவ்ளோ அலையணுமா"ன்னு கேட்டாரு, அவர் மூஞ்சில குத்தியிருந்தா தெரியும். கேஸ் போற நேரத்துல பேர் வெளிய சொல்ல வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காங்க, அதனால இன்பாக்ஸ்ல வந்து பேர் கேக்காதீங்க. இடது கண் இப்ப காலைல கொஞ்சம் பரவால்ல, நெத்தில அந்த கோடு லேசா திரும்ப வர ஆரம்பிச்சிருக்கு, வரட்டும்.