தரணி அட்லஸ்: ஒரு செமஸ்டர் வகுப்பில் ஓட்டிப் பார்த்தபின்

எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நியூரோபயாலஜி நடத்த ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. எங்கள் லேபில் மூளை என்றால் சைதாப்பேட்டை கறிக்கடையில் வாங்கிவரும் ஆட்டு மூளைதான். வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை எப்படி வளர்கிறது என்ற பாடம் வந்தால் போர்டில் படம் வரைவதோடு சரி.

இந்த செமஸ்டர் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' அட்லஸை, அதாவது சிசு மூளையின் வரைபடத் தொகுப்பை, ப்ரொஜெக்டரில் போட்டேன். 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து சிசு மூளைகள், 5,132 வெட்டுகள் (மெல்லிய சீவல்கள்), சுமார் 500 பகுதிகளுக்குப் பெயர், எல்லாம் காசில்லாமல் இணையத்தில். 5,132 என்று படித்ததுமே எனக்கு விரல் நுனி கூசியது, ஏனென்றால் பிஎச்.டி. காலத்தில் கிரையோஸ்டாட்டில் (உறையவைத்த திசுவை மெல்லிசாகச் சீவும் கருவி) சீவிய எலி மூளையைப் பிரஷ்ஷால் ஸ்லைடில் ஏற்றும்போது ஓரம் மடங்கிக்கொள்ளும், நீவப்போனால் கிழிந்துவிடும், அன்றைய வேலை போச்சு. சிசு மூளையில் நீர் அதிகம், இன்னும் குழைவு.

நான் அதிக நேரம் நின்றது 17 வார மூளையில். செல்களுக்கு நிறமேற்றும் நிஸ்ல் சாயம் போட்ட வெட்டில் மூளையறையை (மூளைக்குள் திரவம் நிறைந்த குழி) ஒட்டி அடர் ஊதாவாக ஒரு பட்டை, நியூரான்கள் என்ற நரம்பு செல்கள் பிறக்கும் இடம். அங்கிருந்து அவை ரேடியல் கிளியா என்ற செல்களின் நீண்ட இழைகளை ஏணிபோலப் பிடித்துக்கொண்டு மூளையின் மேற்பரப்பை நோக்கி ஏறும், பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைத் தாண்டிப் போய் அமரும். அந்த ஏற்றத்தை நரம்பியல் விஞ்ஞானி பாஸ்கோ ராகிச் 1972-ல் குரங்குச் சிசுவில் காட்டினார். முழு மூளையில் ஆரம்பித்து தனித்தனி செல் தெரியும்வரை பெரிதாக்கிக்கொண்டே போனேன், வகுப்பில் சத்தமே இல்லை.

அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேம், வழவழன்னு இருக்கே, மடிப்பெல்லாம் எங்கே?" என்றான். நல்ல கேள்வி, ஆனால் அட்லஸின் எல்லையும் அதுதான். மடிப்புகளில் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதத்தில் விழுபவை, இதுவோ 24 வாரத்தோடு முடிகிறது. மீதியை மறுபடி போர்டில்தான் வரைந்தேன்.

பயன்படுத்தப்போகும் ஆசிரியர்களுக்கு: கல்லூரி வைஃபையை நம்பாதீர்கள், எங்களுடையது இரண்டு முறை காலை வாரியது, இப்போது என் போன் ஹாட்ஸ்பாட்தான். ஆட்டு மூளையையும் விட்டுவிடாதீர்கள். கையில் பிடித்து அறுத்துப் பார்த்த பிள்ளைகளுக்குத்தான் திரையில் எது முன், எது பின் என்று சட்டெனப் பிடிபடுகிறது.