ஹன்னா கையடக்க மீட்டர்கள்: கல் பவளம் தேயும்போது எதைக் காட்டும், எதைக் காட்டாது

கல் பவளங்களில் அக்ரோபோரா அடியிலிருந்து வெள்ளையாக உரிகிறது, மான்டிபோரா பழுப்பேறி வளராமல் நிற்கிறது என்றதும் பலரின் கை முதலில் விளக்கின் மீதுதான் போகிறது. விளக்கைத் தொடும் முன் தண்ணீரை அளக்க வேண்டும். ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களிடம் அதற்காகப் பரவலாகப் புழங்கும் இரண்டு மீட்டர்கள், ஹன்னா நிறுவனத்தின் அல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்டப் பயன்படுத்தும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) மீட்டரான எச்.ஐ.772, பாஸ்பரஸ் மீட்டரான எச்.ஐ.736. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும். ஒரே பட்டன், ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரி. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது.

முதலில் வாங்க வேண்டியது அல்கலினிட்டி மீட்டர். காரணம் எளிய கணக்கு. கல் பவளம் எலும்பு கட்டும்போது அல்கலினிட்டி 1 டி.கே.எச் (அதன் அலகு) குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) மட்டுமே குறையும். கால்சியம் 420இல் 7 போனால் எந்தக் கிட்டிலும் தெரியாது. அல்கலினிட்டி 8இல் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. டேங்கில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் சொல்வது இந்த எண்தான்.

செய்முறை: 10 மில்லி டேங்க் தண்ணீரைக் குப்பியில் எடுத்துத் துடைத்து மீட்டரில் வைத்தால் சி1, அதாவது வெற்று அளவீடு. பிறகு 1 மில்லி சோதனைத் திரவத்தைச் சேர்த்து, மூடி, ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி மறுபடி வைத்தால் சி2. மஞ்சளுக்கும் பச்சை கலந்த நீலத்துக்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதை நம் கண்ணுக்குப் பதிலாக மீட்டர் படிக்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறியதா இல்லையா என்று ஜன்னலோரம் நின்று பார்க்கும் வேலை மிச்சம்.

கையேட்டில் சொல்லியிருக்கும் துல்லியம் 0.3 டி.கே.எச்சும் அளவீட்டில் 5 சதவீதமும். 8.0 என்று திரையில் வந்தால் உண்மையில் அது 7.3ஆகவும் இருக்கலாம், 8.7ஆகவும் இருக்கலாம். இது குறையா? தேயும் பவளத்துக்குக் காரணம் தேடும்போது பெரிய குறை இல்லை. 8 என்பது சரியான 8தானா என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஆடியது என்பதே முக்கியம். ஒரே திரவப் புட்டியிலிருந்து, ஒரே ஆள், ஒரே நேரத்தில் அளந்தால் அந்த ஆட்டம் நன்றாகவே தெரியும். சிக்கல் புட்டி மாறும்போதுதான். பழைய புட்டியில் இரண்டு சோதனைக்கு மிச்சம் இருக்கும்போதே புதியதைத் திறந்து, ஒரே தண்ணீரை இரண்டிலும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புட்டி தந்த வித்தியாசத்தை டேங்கின் ஏற்றமாக எடுத்துக்கொண்டு டோசிங்கை, அதாவது செலவை ஈடுகட்ட நாள்தோறும் ஊற்றும் அளவை, மாற்றிவிடுவீர்கள். அப்போதுதான் உண்மையான ஆட்டம் தொடங்கும்.

மற்ற தவறுகளும் கையில்தான் நடக்கின்றன. சிரிஞ்சில் ஒரு குமிழி நின்றால் 1 மில்லியில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கோட்டைக் கண்ணால் பார்த்து 10 மில்லி ஊற்றாமல், தனியாக ஒரு 10 மில்லி சிரிஞ்ச் வைத்துக்கொள்வது மேல். குப்பியில் கைரேகையோ உள்சுவரில் குமிழியோ இருக்கக் கூடாது. குப்பியை இரண்டு முறையும் ஒரே பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

இந்த மீட்டரால் கிடைக்கும் பெரிய பயன் தினசரிச் செலவைக் கண்டுபிடிப்பது. டோசிங்கை 24 மணி நேரம் நிறுத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் குறைந்த அளவே டேங்கின் ஒரு நாள் செலவு. 100 லிட்டரில் 1 டி.கே.எச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். கல், மணல் போக 200 லிட்டர் தண்ணீர் இருந்து, செலவு 1.2 என்றால் நாளுக்கு 7.2 கிராம். இறங்கிப் போன அளவை மீட்பதாக இருந்தால் ஒரு நாளில் 1 டி.கே.எச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இந்தச் செலவு திடீரென்று குறைந்தால் உஷார். பவளம் எலும்பு கட்டுவதை நிறுத்தியிருக்கலாம். சதை உரிவது பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். டோசிங் பம்ப்புக்கு இதெல்லாம் தெரியாது, பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும். அல்கலினிட்டி 10, 11 என்று ஏறும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் டேங்கில் அப்போதுதான் அக்ரோபோராவின் நுனி கருகுகிறது. மருந்து வேண்டாம், டோஸைக் குறையுங்கள். மாறாக, வளர்ச்சியே இல்லாமல் செலவு மட்டும் ஏறினால் ஹீட்டரையும் பம்ப்பையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் மெக்னீசியத்தை அளந்து 1300 பி.பி.எம் பக்கம் கொண்டுவர வேண்டும்.

இனி பாஸ்பரஸ் மீட்டர். இது காட்டுவது பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ், அதுவும் பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில். 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பி.பி.எம் வரும்: 10 என்றால் 0.03, 33 என்றால் 0.1. துல்லியம் 5 பி.பி.பி.யும் அளவீட்டில் 5 சதவீதமும். ஆகவே திரையில் 0 வந்தாலும் 4 வந்தாலும் அது ஒரே செய்திதான். அந்த 4ஐ வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவார்கள்.

சோதனையும் பொறுமையைச் சோதிக்கும். சோதனைத் தூள் பொட்டலத்தை நேராக வெட்டி, தூள் முழுவதும் குப்பிக்குள் விழும்படி கொட்டி, இரண்டு நிமிடம் மெதுவாகக் குலுக்கி, சி2இல் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று நிமிடக் கணக்கை ஓடவிட வேண்டும். வெறுமனே தட்டிவிட்டால் நிறம் முழுதாக ஏறும் முன்பே அளந்து குறைவாகக் காட்டும். சி1க்குப் பின் தாமதித்தால் மீட்டர் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பாஸ்பேட் கலந்த சோப்பால் குப்பியைக் கழுவாதீர்கள், ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

இத்தனைக்குப் பிறகும் இதை வாங்கலாம். பாஸ்பேட் 0.2 பி.பி.எம்மில் இருக்கும் டேங்கில், அதை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மீடியாவை முழு அளவில் போட்டு, ஒரு வாரத்தில் பூஜ்யத்துக்கு இறக்கிப் பவளத்தை வெளுக்க வைப்பதைத் தடுக்க இது உதவும். கால் பங்கு மீடியாவில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

உப்பளவு இந்த இரண்டு மீட்டருக்கும் தெரியாது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) கரைசலில் சரிசெய்யாமல் வைத்திருந்தால் மற்ற எண்களை வைத்து வாதாடிப் பயனில்லை. பூச்சியும் தெரியாது. எண்கள் நேராக இருந்தும் அக்ரோபோராவில் சிறு வட்டமாக வெளிறிய கடித்தடங்கள் இருந்தால், பவளத்தை ஒரு வாளி டேங்க் தண்ணீரில் வைத்துப் பைப்பெட்டால் பீய்ச்சிப் பாருங்கள்: தட்டைப்புழு உதிரும். மான்டிபோரா என்றால் ஓரத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பி, ஓடில்லாக் கடல் நத்தையான வெள்ளை நுடிபிராங்கும் முட்டையும் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். துருப்பிடித்த காந்தத்திலிருந்து கசியும் உலோகத்துக்கு தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. ஆய்வகத்துக்குத் தண்ணீர் அனுப்புவதுதான் வழி.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அல்கலினிட்டி மீட்டர், கூடவே உதிரித் திரவம் ஒரு புட்டி. பாஸ்பரஸ் மீட்டர் அடுத்த மாதம் வந்தாலும் பரவாயில்லை.