செக் எஞ்சின் லைட்டைப் படிக்கும் குட்டிக் கருவி: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

இரண்டு வருடத்துக்கு முன்னால், திண்டுக்கல் தாண்டித் திருச்சி ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிந்தது. ஓட்டத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, நின்றால் மட்டும் வண்டி லேசாக நடுங்கியது. 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், அதுவரை ஒரு தொந்தரவும் கொடுக்காத வண்டி. ஊருக்கு வந்ததும் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேன் பண்ணிவிட்டு ஆக்சிஜன் சென்சார் (புகையில் மீதமிருக்கும் ஆக்சிஜனை அளப்பது), ஏர் ஃப்ளோ சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) இரண்டையும் மாற்றணும், லேபரோடு பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். என்ன கோடு (எஞ்சின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்) வந்தது என்று கேட்டேன். "சென்சார் கம்ப்ளெயிண்ட் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. எனக்கு அது போதவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அன்று ராத்திரியே அந்தக் கோடைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர் ஆர்டர் போட்டேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பொருள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதில் சொருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, ஆப் திறந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கும் எண்களை நாமும் பார்க்கலாம். அமெரிக்காவில் இந்த சாக்கெட் 1996லேயே கட்டாயமாகிவிட்டது. நம் ஊரில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் என்றால் அநேகமாக வேலை செய்யும்.

முதலில் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் தேடினால் வருவதெல்லாம் 'இஎல்எம்327' என்ற பெயரில்தான் வரும். அது ஒரு சிப்பின் பெயர். அதைச் செய்த கனடா கம்பெனி 2022இல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே நகல்கள், அதில் தப்பில்லை, ஆனால் நகலுக்கு நகல் தரம் மாறுகிறது. வெர்ஷன் 1.5 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அசல் கம்பெனி அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே கிடையாது. 2.1 என்று போட்டு வரும் பலவற்றில் பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே வராது. நான் முதலில் வாங்கியது ஐந்நூறு ரூபாய்க்குள், என் காரில் இணைந்தது, சித்தப்பாவின் டீசல் வண்டியில் இணையவே இல்லை. இரண்டாவது ஆயிரத்து எண்ணூறு ரூபாய், இன்றுவரை ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. ஆகவே பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல், உங்கள் மாடல் காரை வைத்திருக்கும் யாராவது அதைப் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கணும்: பழைய வகை ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் அதில் சேராது, ப்ளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

சரி, என் காருக்கு வருகிறேன். கருவி காட்டிய கோடு பி0171. எரிகலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் கோடு என்பது என்ன என்று புரிந்துகொண்டேன். எந்த பார்ட் செத்துவிட்டது என்பதை அது சொல்வதில்லை. கம்ப்யூட்டர் கவனித்த அறிகுறியைச் சொல்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டுவது மாதிரி. டைஃபாய்டா சளியா என்று மேற்கொண்டு பார்க்கணும்.

மேற்கொண்டு பார்ப்பதற்கான எண்களும் இதே கருவியில் கிடைக்கின்றன. ஃப்யூயல் ட்ரிம் என்று ஒன்று உண்டு. ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. நல்ல எஞ்சினில் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும், பத்து வரை கூடக் குறைய இருந்தாலும் பதற வேண்டியதில்லை. என் வண்டியில் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) 22 கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் 6க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் முக்கியமான தடயம். ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய ஏதோ ஒரு இடத்தில் சின்ன ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தக் காற்று பெரிய பங்காக இருக்கும், வேகமாகச் சுற்றும்போது மொத்தக் காற்றில் கரைந்துவிடும். பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பிரச்சினை என்றால் இது தலைகீழாக வரும், மிதிக்க மிதிக்க எண் ஏறும். (இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு. அதற்குப் பதிலாக, உள்ளே போகும் காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரை மட்டும் நம்பும் சின்னக் கார்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் காற்றுக் கசிவு ட்ரிம்மில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஐட்லிங் ஏறுவதாகத்தான் பெரும்பாலும் காட்டும்.)

கோடு விழுந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்ற ஃப்ரீஸ் ஃப்ரேமும் பதிவாகியிருந்தது. வேகம் பூஜ்யம், 760 ஆர்பிஎம், கூலன்ட் 91 டிகிரி. நின்றுகொண்டிருக்கும்போது வந்த பிரச்சினை என்பது அதிலேயே உறுதியானது, அநேகமாக வழியில் டோல்கேட்டில் நின்றபோது.

இந்த ஸ்கிரீன்ஷாட்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணாவிடம் போனேன். இரண்டு படத்தைப் பார்த்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு ஸ்ப்ரேயை ஒவ்வொரு ஹோஸாக அடித்துக்கொண்டே வந்தவர் (ஓட்டை இருக்கும் இடத்தில் ஸ்ப்ரே உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் ஓட்டம் மாறும்), வால்வ் கவரில் இருந்து இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்குப் போகும் ஒரு ரப்பர் ஹோஸின் வளைவில் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துக் காட்டினார், அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. சூட்டில் காய்ந்து விறைத்த ரப்பர். ஹோஸ் 340 ரூபாய், கூலி 200. இரண்டு சென்சாரும் இன்றுவரை பழையதுதான், ட்ரிம் இப்போது 2, 3இல் நிற்கிறது. சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. கோடு வந்ததும் அதோடு சம்பந்தப்பட்ட சென்சாரை மாற்றிப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது, பத்து நிமிடம் நின்று எண்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு என் கணக்கில் பதினேழாயிரத்துச் சொச்சம் ரூபாய் மதிப்பு.

அப்புறம் சித்தப்பாவின் வண்டி. சென்னையில் 2021 மாடல் பிஎஸ்6 டீசல், வேளச்சேரியில் இருந்து தி.நகர் போய்வருவதுதான் அதன் தினசரி வாழ்க்கை. டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் லைட் எரிந்துவிட்டது. இந்த ஃபில்டர் புகைக்கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி வரை சூடாக்கி எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நகர நெரிசலில் அந்தச் சூடு சேர்வதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம், கரி அப்படியே சேர்கிறது. பணம் கட்டி வாங்கிய ஆப்பில் அந்த மாடலுக்கான கரி அளவும் ஃபில்டர் வெப்பமும் தெரிந்தன. ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் வரை ஒரே சீராக ஓட்டினோம், செங்கல்பட்டு தாண்டி வெப்பம் கிடுகிடுவென ஏறியதையும் கரி எண் இறங்கியதையும் சித்தப்பா போனில் பார்த்துக்கொண்டே வந்தார். லைட் தானாக அணைந்தது. ஆனால் லைட் மின்ன ஆரம்பித்துவிட்டாலோ, வண்டி இழுவை குறைந்துவிட்டாலோ இப்படி ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், நேராக சர்வீஸ்தான்.

குறைகளும் உண்டு. ஏர்பேக், ஏபிஎஸ் கோடுகளை இந்த மலிவுக் கருவிகளும் இலவச ஆப்களும் பெரும்பாலும் படிக்காது, எஞ்சின் பக்கம் மட்டும்தான். பேட்டரி வோல்டேஜ் காட்டும், ஆனால் என்னுடையது மல்டிமீட்டரைவிட 0.3 வோல்ட் குறைத்துக் காட்டுகிறது. நிற்கும் வண்டியில் 12.6 என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதிதான், அதனால் இந்த 0.3 சின்ன வித்தியாசம் இல்லை. மல்டிமீட்டரில் ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த சாக்கெட்டில் 16ஆவது பின்னுக்குச் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். கருவியைச் சொருகியே வைத்துவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கலாம். பல கருவிகளின் பின் நம்பர் 1234 அல்லது 0000, பக்கத்தில் நிற்கும் யாரும் இணைந்துவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஆப்பில் கோடை அழிக்க ஒரு பட்டன் இருக்கும். அழித்தால் லைட் அணையும், கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய ஒரே சாட்சி அது. முதலில் ஸ்கிரீன்ஷாட், ரிப்பேர், அதற்குப் பிறகுதான் அழிப்பது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்தலாம்: ஆப்பில் ரெடினஸ் என்ற பக்கத்தில், எஞ்சின் கம்ப்யூட்டர் தானே செய்துபார்க்கும் சோதனைகள் பலவும் முடியாமல் கிடந்தால், கோடுகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

வாரன்டியில் இருக்கும் காருக்கு இது அவசரமில்லை. வாரன்டி முடிந்து, ஐந்தாறு வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள், ஆயிரத்து ஐந்நூறில் இருந்து இரண்டாயிரத்துக்குள் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருநாள் சொருகி ட்ரிம், கூலன்ட் வெப்பம், வோல்டேஜ் மூன்றையும் குறித்து வையுங்கள். லைட் எரியும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும், எனக்கு அன்றைக்கு அவை இல்லை.